சிறைக்கு அருகே ஒரு நினைவுப் பொழில்

உரைநடை உலகம்

நுழையும்முன்

பெயர்கள் வரலாற்றைச் சுமப்பவை. ஊர்ப்பெயர், தெருப்பெயர், பூங்காப்பெயர் என நாள்தோறும் நாம் ஒலிக்கும் சொற்கள் பலவற்றுள் ஒரு மனிதரின் வாழ்வும் ஒரு காலத்தின் போராட்டமும் ஒடுங்கிக் கிடக்கின்றன. பழகப் பழகப் பெயர் முகவரியாகிறது, பெயருக்குரியவர் மறைந்துபோகிறார். கோயம்புத்தூர் நகரின் நடுவே அமைந்துள்ள வ.உ.சி. பூங்காவின் வரலாற்றை அறிவது, அப்பெயருக்குள் ஒடுங்கியிருக்கும் மனிதரை மீட்டுக் காண்பதாகும்.

பொழிலிலிருந்து பொதுப்பூங்காவிற்கு

சோலை, கா, பொழில், தண்டலை, நந்தவனம் எனத் தமிழில் தோட்டத்தைக் குறிக்கும் சொற்கள் பலவுண்டு. புகார் நகரத்துச் சோலைகளை மணிமேகலைக் காப்பியம் பெயர் சுட்டிக் கூறுகிறது. இலவந்திகை, உய்யானம், சம்பாதி வனம், கவேர வனம், உவவனம் என்பன அவை. எனினும் அவை அனைத்தும் எல்லார்க்கும் உரியனவாக இருக்கவில்லை. இலவந்திகைச் சோலை அரச குடும்பத்தார்க்கு உரியதாக இருந்தது; உய்யானம் தேவர்க்குரியதாகக் கருதப்பட்டது. எனவேதான் மலர் கொய்யப் புறப்பட்ட மணிமேகலைக்கு, எந்தச் சோலைக்குச் செல்லலாம், எங்குச் செல்லலாகாது என்று சுதமதி எடுத்துரைக்க வேண்டியதாயிற்று.

‘எவரும் நுழையலாம், எவரும் அமரலாம்’ என்னும் உரிமையுடைய பொதுப்பூங்கா, தொழிற்புரட்சிக்குப்பின் உருவான நகரங்களின் தேவையால் பிறந்தது. ஆலைப் புகையும் நெருக்கடியான குடியிருப்புகளும் மக்களின் உடல்நலத்தைக் கெடுத்தபோது, நகராட்சிகள் பொதுப்பணத்தில் திறந்தவெளிகளை அமைக்கத் தொடங்கின. 1847-இல் இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட் நகரில் திறக்கப்பட்ட பூங்கா இவற்றுள் முன்னோடியானது. தமிழகத்தில், 1859-60ஆம் ஆண்டுகளில் சென்னை ஆளுநராக இருந்த சார்லஸ் டிரெவெல்யனின் முயற்சியால் சென்னையில் ‘பீப்பிள்ஸ் பார்க்’ எனப்பட்ட மக்கள் பூங்கா உருவாயிற்று.

நாடு விடுதலை பெற்றபின் பூங்காக்களுக்குப் புதியதொரு பொருள் சேர்ந்தது. ஆங்கிலேய அரசர்கள், ஆளுநர்கள் ஆகியோரின் பெயர்கள் விளங்கிய பொதுவெளிகளில் விடுதலைப் போராட்ட வீரர்களின் பெயர்கள் இடம்பெற்றன. ஒரு நகரம் தன் திறந்தவெளிக்கு எவர் பெயரைச் சூட்டுகிறது என்பது, அந்நகரம் எவரைத் தம்மவராகக் கருதுகிறது என்பதற்குச் சான்றாகும்.

ஆலை நகரமும் திறந்தவெளியும்

கொங்கு நாட்டின் தலைநகரெனத் திகழும் கோயம்புத்தூர் 1866-இல் நகராட்சியாயிற்று. 1888-இல் இராபர்ட் ஸ்டேன்ஸ் என்பவரால் இங்குப் பஞ்சாலை தொடங்கப்பட்டது. கரிசல் மண்ணில் விளைந்த பருத்தி, மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய் வழியே வரும் ஈரக்காற்று, 1930-களில் கிடைத்த பைகாரா நீர்மின்சாரம் ஆகியன ஒருங்கிணைந்து இந்நகரை ஆலைகளின் நகரமாக்கின. சிற்றூர்களிலிருந்து வேளாண்குடிகள் ஆலைத் தொழிலாளர்களாக நகருக்கு வந்தனர். வயல்வெளியில் வாழ்ந்தவர்க்கு நகரத்தின் குறுகிய தெருக்களில் மூச்சுவிட ஓர் இடம் தேவையாயிற்று. 1981-இல் மாநகராட்சியாக உயர்ந்த கோயம்புத்தூருக்குத் திறந்தவெளிகளின் அருமை மேலும் கூடியது.

இத்தகைய திறந்தவெளிகளுள் முதன்மையானது வ.உ.சி. பூங்காவும் அதனை ஒட்டிய திடலுமாகும். அதற்குச் சூட்டப்பட்டிருப்பது கொங்கு மண்ணில் பிறந்த தலைவரின் பெயரன்று. தென்கோடியில் பிறந்து, கைதியாக இந்நகருக்குள் கொண்டுவரப்பட்ட ஒருவரின் பெயராகும். அப்பெயர் இங்கு வந்து சேர்ந்தமைக்கான காரணம், பூங்காவிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ள மற்றோர் இடத்தில் இருக்கிறது. அது கோவை மத்தியச் சிறை.

கடலிலிருந்து சிறைக்கு

வ.உ. சிதம்பரனார் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் ஓட்டப்பிடாரத்தில் உலகநாதர் – பரமாயி அம்மையாரின் மகனாகப் பிறந்தார். வழக்கறிஞராகத் தொழில் புரிந்த அவர், 1900-இல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான கடல்வணிகம் அப்போது ‘பிரிட்டிஷ் இந்தியா’ கப்பல் நிறுவனத்தின் பிடியில் இருந்தது. அயலவர் ஆட்சியின் வேர் அவர்தம் வணிகத்தில் இருப்பதை உணர்ந்த சிதம்பரனார், 1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். அதன் மூலதனம் பத்து இலட்சம் ரூபாய்; பங்கு ஒன்றின் விலை 25 ரூபாய்; பங்குகளின் எண்ணிக்கை 40,000. மதுரைத் தமிழ்ச்சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் அச்சங்கத்தின் தலைவராகத் துணைநின்றார். ‘காலியோ’, ‘லாவோ’ என்னும் கப்பல்கள் 1907-இல் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. அயல்நாட்டு நிறுவனம் பயணக்கட்டணத்தைப் பெரிதும் குறைத்துப் போட்டியிட்டது. எனினும் மக்களின் பேராதரவு சுதேசிக் கப்பலுக்கே இருந்தது.

1908ஆம் ஆண்டு பிப்ரவரியில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் ஊதிய உயர்வும் வேலைநேரக் குறைப்பும் வேண்டி வேலைநிறுத்தம் செய்தனர். சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்கு வழிகாட்டினர். போராட்டம் வெற்றி பெற்றது. அடுத்த மாதம் விபின் சந்திர பாலரின் விடுதலையைக் கொண்டாட முனைந்ததைத் தொடர்ந்து, மார்ச் 12ஆம் நாள் இருவரும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். காவலரின் துப்பாக்கிச்சூட்டில் நால்வர் உயிரிழந்தனர்.

1908 ஜூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே தீர்ப்பு வழங்கினார். அரசுக்கு எதிராகப் பேசியமைக்கு 20 ஆண்டு, சுப்பிரமணிய சிவாவுக்குத் துணைநின்றமைக்கு 20 ஆண்டு எனச் சிதம்பரனாருக்கு இரட்டை நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் தண்டனைக் காலம் பின்னர்க் குறைக்கப்பட்டது. தீர்ப்பு வந்த இரண்டாம் நாளே, அதாவது ஜூலை 9-இல், அவர் கோவைச் சிறையை அடைந்தார். 1910 டிசம்பர் 1ஆம் நாள் கண்ணூர்ச் சிறைக்கு மாற்றப்படும்வரை, ஏறத்தாழ இரண்டு ஆண்டு ஐந்து மாதக் காலம் அவர் அங்குக் கைதியாக இருந்தார்.

கோவை மத்தியச் சிறை தோற்றுவிக்கப்பட்டது 1872ஆம் ஆண்டில். சிதம்பரனார் பிறந்ததும் அதே ஆண்டிலேயே. ஒரே ஆண்டில் தோன்றிய சிறையும் மனிதரும் முப்பத்தாறு ஆண்டுகளுக்குப்பின் எதிர்ப்பட்டனர்.

செக்கு: கொடையும் கொடுமையும்

கொங்கு மக்களுக்குச் செக்கு அயலானதன்று. எள்ளும் நிலக்கடலையும் தேங்காயும் ஆட்டி எண்ணெய் எடுப்பதற்கான அக்கல்லுரல், ஊர்தோறும் இருந்த கருவியாகும். ஊர்ப் பொதுவுக்குச் செக்கு செய்து கொடுத்தவரின் பெயர் பொறித்த பழங்காலச் செக்குக் கல்வெட்டுகள் கொங்குப் பகுதியில் கிடைத்துள்ளன. விளக்கெரிக்கவும் உணவு சமைக்கவும் உதவும் கருவியை ஊருக்கு அளிப்பது அறமெனக் கருதப்பட்டமைக்கு அவை சான்று பகர்கின்றன.

அறத்தின் அடையாளமாக இருந்த அக்கருவி, சிறைச்சாலைக்குள் தண்டனைக் கருவியாயிற்று. உரலின் நடுவே சுழலும் கனத்த உலக்கையோடு இணைந்த மரத்தை மாடுகள் வட்டமாகச் சுற்றி இழுப்பதே செக்காட்டும் முறை. மாடு பூட்ட வேண்டிய இடத்தில் மனிதர் நிறுத்தப்பட்டனர். சணல் இயந்திரத்தைச் சுற்றியதால் கைத்தோல் உரிந்த சிதம்பரனார், பின்னர்ச் செக்கிழுக்கும் பணியில் ஈடுபடுத்தப்பட்டார். சட்டம் கற்று, நீதிமன்றத்தில் ஏழைகளுக்காக வழக்காடி, கடலில் கப்பல் விட்டவர், நகரத்தின் வெயிலில் வட்டமடித்து நடந்தார். எவ்வளவு நடந்தாலும் புறப்பட்ட இடத்திற்கே திரும்பும் நடை அது. உடலை வருத்துவது மட்டும் அதன் நோக்கமன்று. ‘உன் முயற்சி எங்கும் சென்று சேராது’ என்று மனத்திற்கு உணர்த்துவதும் அதன் உள்நோக்கமாகும்.

ஆயினும் அவருடைய மனம் அவ்வட்டத்திற்குள் அடங்கவில்லை. சிறையிலிருந்தபோதே அவர் ஆங்கில அறிஞர் ஜேம்ஸ் ஆலன் எழுதிய நூலை ‘மனம்போல வாழ்வு’ என்னும் பெயரில் தமிழாக்கினார்; அது 1909-இல் வெளிவந்தது. எண்ணத்தின் தன்மையே வாழ்வின் தன்மை என்பது அந்நூலின் கருத்து. பகலில் செக்கைச் சுற்றிய ஒருவர் அந்நூலைத் தெரிந்தெடுத்தமை எண்ணத்தக்கது. சிறை வாழ்வைக் குறித்துப் பின்னாளில் செய்யுள் வடிவில் அவர் எழுதிய தன்வரலாறு, தமிழில் தோன்றிய சிறை இலக்கியங்களுள் முதன்மையானது.

இக்காலத்தில் கோவை நகரத்து அன்பர் சிலரின் துணை அவருக்குக் கிடைத்தது. அவர்களுள் குறிப்பிடத்தக்கவர், பெரியபுராணத்திற்கு விரிவான உரை கண்ட வழக்கறிஞர் சி.கே. சுப்பிரமணிய முதலியார். அரசின் சினத்திற்கு ஆளான கைதியிடம் பரிவு காட்டுவதற்குத் துணிவு வேண்டியிருந்த காலம் அது. நகரத்தின் ஓரத்தில் மதில்களுக்குள் அடைபட்டிருந்தவருக்கும் மதிலுக்கு வெளியே இருந்த நகரத்திற்கும் இடையே உறவு தளிர்த்தது இவ்வாறுதான்.

> தெரிந்து தெளிவோம்
>
> செக்கிழுத்த செம்மல்: சிதம்பரனார் ‘கப்பலோட்டிய தமிழன்’ எனவும் ‘செக்கிழுத்த செம்மல்’ எனவும் போற்றப்படுகிறார். முதற்பெயர் தூத்துக்குடிக் கடலோடும் இரண்டாம் பெயர் கோவைச் சிறையோடும் தொடர்புடையவை. கோவை மத்தியச் சிறை வளாகத்தில் செக்கு நினைவுச் சின்னமாகப் பேணப்படுகிறது. சிதம்பரனாரின் நூற்றாண்டு விழாவையொட்டி 1972-இல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. தூத்துக்குடித் துறைமுகத்திற்கு 2011-இல் அவர் பெயர் சூட்டப்பட்டது.

மீண்டும் கோவைக்கு

1912 டிசம்பரில் சிதம்பரனார் விடுதலை பெற்றார். அவர் சிறையிலிருந்தபோதே, 1911-இல் சுதேசி நாவாய்ச் சங்கம் கலைக்கப்பட்டிருந்தது, கப்பல்கள் விற்கப்பட்டிருந்தன. வழக்கறிஞர் தொழில் புரியும் உரிமையும் பறிக்கப்பட்டிருந்தது. பெருங்கூட்டத்தின் வாழ்த்தொலிக்கிடையே சிறை சென்றவரை வரவேற்க, வாயிலில் ஒரு சிலரே நின்றனர். சென்னையில் சிறுவணிகம் செய்து வறுமையோடு போராடிய அவர், 1920-களின் தொடக்கத்தில் தாம் கைதியாக இருந்த கோவைக்கே குடிவந்தார். வங்கியொன்றில் மேலாளராகப் பணியாற்றினார்.

தம்மைத் துன்புறுத்திய சிறை அமைந்த நகரத்தை வெறுத்தொதுக்க அவருக்குக் காரணம் இருந்தது. அவரோ அந்நகரத்தைச் சிறையோடு சேர்த்து எண்ணாமல், அங்குள்ள நண்பர்களோடு சேர்த்து எண்ணினார். வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் வழக்கறிஞர் உரிமையை மீண்டும் பெற்றபோது, நன்றி மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். ஆட்சியை எதிர்த்தவர் ஆங்கிலேயர் ஒருவரின் நற்செயலைப் போற்றத் தயங்கவில்லை. பின்னர்க் கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் வாழ்ந்த அவர், 1936 நவம்பர் 18ஆம் நாள் மறைந்தார். நாட்டின் விடுதலையைக் காண அவர் இல்லை.

பெயர்கூட ஒருவர் தமக்கு உதவியவருக்குச் செலுத்தும் நன்றிக்கடனாக அமையலாம் என்பதைச் சிதம்பரனாரின் வாழ்வே காட்டுகிறது. அவருக்குக் கோவை செலுத்திய நன்றிக்கடனும் ஒரு பெயரின் வடிவிலேயே அமைந்தது.

பூங்காவும் திடலும்

மத்தியச் சிறை அமைந்துள்ள நஞ்சப்பா சாலையை அடுத்து, நேரு விளையாட்டரங்கத்தின் அருகே வ.உ.சி. பூங்காவும் வ.உ.சி. திடலும் அமைந்துள்ளன. மாநகராட்சியின் பொறுப்பில் உள்ள இப்பூங்காவில் 1965ஆம் ஆண்டு விலங்குக் காட்சிச்சாலை தொடங்கப்பட்டது. மரநிழலும் ஊஞ்சலும் சறுக்குமரமும் சிறுவர் தொடர்வண்டியும் அமைந்த அவ்விடம், தலைமுறை தலைமுறையாகக் கொங்கு நாட்டுக் குழந்தைகளின் கனவிடமாக விளங்கியது. பொள்ளாச்சி, மேட்டுப்பாளையம், அவினாசி, பல்லடம் முதலிய ஊர்களிலிருந்து நகருக்கு வருவோர், கடைவீதிக்குச் சென்ற பின் பிள்ளைகளைப் பூங்காவிற்கு அழைத்துச் செல்வதை வழக்கமாகக் கொண்டிருந்தனர். அதனருகே உள்ள சாலைச் சந்திப்பு ‘பார்க் கேட்’ என்றே வழங்கலாயிற்று.

திடலுக்குத் தனியொரு சிறப்புண்டு. கோடைக்காலத்தில் அரசுப் பொருட்காட்சி நடைபெறுவதும், விடுதலை நாள், குடியரசு நாள் விழாக்களில் மாவட்ட ஆட்சியர் நாட்டுக்கொடியை ஏற்றுவதும் இத்திடலில்தான். விடுதலையைக் காணாமல் மறைந்தவரின் பெயர் தாங்கிய மண்ணில், அவர் சிறைப்பட்டிருந்த இடத்தின் அருகிலேயே, ஆண்டுதோறும் விடுதலைக் கொடி ஏறுகிறது. இதனைவிடப் பொருத்தமான அஞ்சலி வேறொன்று இருத்தல் அரிது.

சிதம்பரனாரின் 150ஆம் பிறந்த ஆண்டையொட்டி, 2021 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு பல அறிவிப்புகளை வெளியிட்டது. கோவைச் சிறையில் அவர் பட்ட துன்பத்தை நினைவுகூரும் வகையில் வ.உ.சி. பூங்காவில் அவருக்கு முழு உருவச் சிலை அமைத்தல் அவற்றுள் ஒன்று. நெடுங்காலம் பெயராக மட்டும் இருந்தவர்க்கு உருவமும் அமைந்தது.

கூண்டுகள் நீங்கிய வரலாறு

இப்பூங்காவின் வரலாற்றில் சிந்தனைக்குரிய பகுதி, அதன் விலங்குக் காட்சிச்சாலையைப் பற்றியதாகும். தொடங்கப்பட்ட காலத்தில், விலங்குகளைக் கூண்டில் அடைத்துக் காட்டுவது குழந்தைகளுக்கு அறிவும் மகிழ்ச்சியும் அளிக்கும் என்ற எண்ணமே எங்கும் நிலவியது. உலகின் பெருநகரங்கள் பலவற்றிலும் அவ்வாறே காட்சிச்சாலைகள் அமைந்திருந்தன. விலங்குகளின் இயல்பைப் பற்றிய ஆய்வுகள் வளர்ந்தபோது அவ்வெண்ணம் மாறத் தொடங்கியது. குறுகிய கூண்டில் வாழும் விலங்கு ஓயாமல் முன்னும் பின்னும் நடத்தல், தலையை அசைத்துக்கொண்டே இருத்தல் முதலிய செயல்கள் அதன் மனவருத்தத்தின் அடையாளங்கள் என்பதை அறிஞர் கண்டறிந்தனர்.

இந்தியாவில் காட்சிச்சாலைகளை நெறிப்படுத்துவதற்காக 1992-இல் மத்திய விலங்குக் காட்சிச்சாலை ஆணையம் அமைக்கப்பட்டது. ஒவ்வொரு விலங்குக்கும் வேண்டிய இடப்பரப்பு, மருத்துவ வசதி, இயற்கையோடு ஒத்த சூழல் ஆகியவற்றை அது வரையறுத்தது. நகரின் நடுவே ஏறத்தாழ 4.5 ஏக்கர் பரப்பில் அமைந்திருந்த வ.உ.சி. பூங்காக் காட்சிச்சாலையில் இவ்வரையறைகளை நிறைவேற்றப் போதிய இடமில்லை. 2022-இன் தொடக்கத்தில் அதற்கான ஏற்பு விலக்கிக்கொள்ளப்பட்டது. அதன்பின் அங்கிருந்த விலங்குகளையும் பறவைகளையும் வேறிடங்களுக்கு அனுப்பும் பணி தொடங்கியது. புள்ளிமான்கள் வனத்துறையின் துணையோடு சிறுவாணி மலையடிவாரக் காட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டன.

குழந்தைகளின் மகிழ்ச்சிக்குரிய இடம் ஒன்று குறைந்ததே என மக்கள் பலர் வருந்தினர். அவ்வருத்தம் இயல்பானதே. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இப்பூங்கா யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது? மதிலுக்குள் அடைக்கப்பட்டு, வட்டத்திற்குள் நடக்கவைக்கப்பட்ட ஒரு மனிதருடைய பெயரை அன்றோ! கூண்டுக்குள் ஓயாமல் நடந்த விலங்கு காட்டைச் சேர்ந்ததும், அவர் பெயர் தாங்கிய இடத்தில் கூண்டுகள் நீங்கியதும் அப்பெயருக்கு இழுக்கல்ல, பெருமையே. பூங்காவைத் தோற்றுவித்தோர் அறிந்திராத பொருத்தம் ஒன்றைக் காலம் அதற்கு வழங்கியது.

கூண்டுகள் இருந்த இடத்தில் இனி எது அமைய வேண்டும் என்னும் வினா எழுகிறது. நகரின் நடுவே பசுமையோடு எஞ்சியிருக்கும் நிலம், மழைநீரை உட்கொள்ளும் மண். வெப்பத்தைத் தணிக்கும் மரக்கூட்டம். அதனைக் கட்டடங்களால் நிரப்புவது எளிது. மரமாகக் காப்பது அரிது. நாட்டு மரங்கள், பறவைகள் தாமாக வந்து தங்கும் சோலை, சிதம்பரனாரின் வாழ்வைக் குழந்தைகளுக்கு எடுத்துரைக்கும் படக்காட்சி எனப் பூங்கா வளர்வதற்குரிய வழிகள் பலவுண்டு. எவ்வழியைத் தெரிந்தெடுப்பது என்பது அந்நகரத்து மக்களின் பொறுப்பாகும்.

சிறைநிலத்தில் மலர்ந்த சோலை

பூங்காவின் அருகே நிகழ்ந்துள்ள மற்றொரு மாற்றமும் இவ்வரலாற்றோடு இயைந்தது. 2010 ஜூன் மாதத்தில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்றது. அதன் நினைவாக மத்தியச் சிறைக்குரிய நிலத்தில் செம்மொழிப் பூங்கா அமைக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. பல ஆண்டுகளுக்குப்பின், 2023 டிசம்பரில் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 45 ஏக்கர் பரப்பில், சங்க இலக்கியம் சுட்டும் தாவரங்களோடு உருவான அப்பூங்கா 2025 நவம்பரில் திறந்துவைக்கப்பட்டது.

கைதிகளுக்கு மட்டுமே உரியதாய் இருந்த நிலத்தில் இன்று முதியோர் நடைபயில்கின்றனர், குழந்தைகள் ஓடியாடுகின்றனர். சிறையின் அருகே வ.உ.சி. பூங்கா, சிறைநிலத்திலேயே செம்மொழிப் பூங்கா. மதில் சுருங்கச் சுருங்கச் சோலை விரிகிறது. ஆனால் இம்மாற்றத்திற்கிடையே மறவாதிருக்க வேண்டியது ஒன்றுண்டு. சிறையின் இடம் மாறலாம், கட்டடங்கள் மறையலாம். செக்கும், சிதம்பரனார் வாழ்ந்த இடமும் காக்கப்படல் வேண்டும். துன்பம் நிகழ்ந்த இடத்தை முற்றிலும் அழகுபடுத்திவிட்டால், அங்கு என்ன நிகழ்ந்தது என்பதை வருங்காலத் தலைமுறை அறிய வழியின்றிப் போகும். தென்னாப்பிரிக்காவில் நெல்சன் மண்டேலா அடைபட்டிருந்த இராபன் தீவுச் சிறையை இடிக்காமல் அருங்காட்சியகமாகக் காத்துவருவதன் நோக்கம் இதுவே.

மூன்றெழுத்தும் முழுமனிதரும்

‘வ.உ.சி. பார்க்கில் இறங்கிக்கொள்ளுங்கள்’, ‘வ.உ.சி. கிரவுண்டில் கண்காட்சி’ என்று நகரத்தில் நாள்தோறும் கேட்கலாம். பேருந்தில் ஒலிக்கும் அம்மூன்றெழுத்து, பலருக்கு ஓரிடத்தின் அடையாளம் மட்டுமே. ‘உ’ என்பது தந்தை உலகநாதரைக் குறிப்பது. ‘சி’ என்பது சிதம்பரத்தைக் குறிப்பது என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. காந்தி பூங்கா, நேரு விளையாட்டரங்கம், அண்ணா சிலை எனத் தலைவர் பெயர்களால் வழங்கும் இடங்கள் அனைத்திற்கும் நேர்வது இதுவே. பெயரைச் சூட்டுவதற்கு ஒரு தீர்மானம் போதும். பெயரின் பொருளைக் காப்பதற்கு ஒவ்வொரு தலைமுறையும் முயலுதல் வேண்டும்.

ம.பொ.சிவஞானம் சிதம்பரனாரின் வாழ்க்கை வரலாற்றை எழுதியதும், 1961-இல் பி.ஆர்.பந்துலுவின் இயக்கத்தில் சிவாஜி கணேசன் நடித்த ‘கப்பலோட்டிய தமிழன்’ திரைப்படம் வெளிவந்ததும் அத்தகைய முயற்சிகளாகும். நூலும் படமும் மறந்துபோன மனிதரை மக்களின் நெஞ்சுக்கு மீண்டும் அழைத்து வந்தன. பூங்கா அதனினும் எளிய முறையில் அப்பணியைச் செய்ய வல்லது. நூலைப் படிக்காதவரும் படத்தைக் காணாதவரும் பூங்காவிற்கு வருவர். அங்கு விளையாடும் குழந்தை, ‘இந்தத் தாத்தா யார்?’ என்று சிலையைக் காட்டிக் கேட்கும். உடன்வந்தவரிடம் விடையிருந்தால் பூங்கா நினைவிடமாகிறது; இல்லையெனில் சிலை கல்லாகவும் பெயர் முகவரியாகவும் நின்றுவிடும்.

தம் காலத்தில் சிதம்பரனாருக்கு உரிய சிறப்பை நாடு செய்யவில்லை. சிறையிலிருந்து வந்தவரை வரவேற்கவும் கூட்டமில்லை. வறுமையில் வாடியபோது கைகொடுத்தோரும் சிலரே. அவர் வாழ்ந்த நாளில் செலுத்தப்படாத அக்கடனை, இன்று எந்தச் சிலையாலும் பூங்காவாலும் முழுமையாகத் தீர்க்க இயலாது. ஆனால் அவர் விழைந்த ஒன்றை அப்பூங்கா நாள்தோறும் நிறைவேற்றிக்கொண்டிருக்கிறது. சாதி, சமயம், செல்வம் என்னும் வேறுபாடின்றி, எவரையும் தலைதாழ்த்திக் கேட்காமல், தமக்குரிய மண்ணில் மக்கள் தமக்குரிய காற்றை உட்கொள்கின்றனர். உரிமை என்பதன் எளிய வடிவம் அதுவே. அவ்வுரிமைக்காக ஒருவர் சற்றுத் தொலைவில் செக்கைச் சுற்றி நடந்தார் என்பதை அறிந்து அம்மண்ணில் நடப்பவரே அப்பெயருக்கு உயிரூட்டுகின்றார்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரில் தலைவர்களின் பெயரால் வழங்கும் பூங்கா, சாலை, திடல் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, அவ்விடத்திற்கும் அத்தலைவருக்கும் உள்ள தொடர்பைப் பெரியோரிடம் கேட்டறிந்து எழுதுக.

2. ‘துன்பம் நிகழ்ந்த இடங்களை அழகுபடுத்துவதா, உள்ளவாறே காப்பதா?’ என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

3. வ.உ.சி. பூங்காவிற்கு வரும் சிறுவர்க்கு அவருடைய வாழ்வை அறிமுகப்படுத்தும் வகையில், அறிவிப்புப் பலகையில் இடம்பெறத்தக்க பத்துத் தொடர்களை எளிய தமிழில் எழுதுக.